அத்தியாயம் 5: பிள்ளைகளைப் பேசவைக்கும் இணையம்

இந்த அத்தியாயம் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கானது. தொடக்கநிலை 3 முதல் 6 வரையிலான வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. துணைப்பாட வகுப்பு நடத்துவோரும் வீட்டில் பிள்ளைக்குத் துணையாக உட்காரும் பெற்றோரும் இதில் பலவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் பேசுவது ஆங்கிலம். தமிழ் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 27 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் தமிழின் பங்கு 36 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இந்த எண்ணிக்கையில் தமிழரல்லாத இந்தியரும் அடக்கம் என்றாலும், தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளையின் நிலை இதிலிருந்தே தெரிகிறது. பல பிள்ளைகளுக்கு நாள் முழுவதிலும் தமிழ் பேசும் நேரம் அந்த ஒரு பாடவேளைதான். மணி அடித்ததும் தமிழ் கேட்பதற்கும் ஆள் இல்லை, தமிழில் பதில் சொல்வதற்கும் ஆள் இல்லை.

ஆகவே, இணையத்தை வகுப்புக்குள் கொண்டுவரும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதனால் என் பிள்ளைகள் கூடுதலாகத் தமிழ் பேசினார்களா, எழுதினார்களா? வண்ணமும் இசையும் புள்ளிக்கணக்கும் எவ்வளவு இருந்தாலும், இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வராத கருவி தமிழ் வகுப்புக்குத் தேவையில்லை.

நமக்கு இருக்கும் முன்வரலாறு

இணையத் தமிழுக்குச் சிங்கப்பூர் புதிய ஊர் அல்ல. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் எழுத்து திரையில் தெரிவதற்கு உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவர் தேசியக் கல்விக்கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்தவர். ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கியவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைக்கப்பட்டதும் இங்கேதான். தமிழை வலையேற்றிய முதல் வரிசையில் தமிழாசிரியர் ஒருவர் நின்றார் என்பதை நம் ஆசிரியர்கள் மறக்கக்கூடாது. தொழில்நுட்பம் வேறு துறைக்காரர்களின் வேலை என்று நாம் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

கையில் இருப்பவை

கல்வி அமைச்சின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பப் பெருந்திட்டங்கள் 1997இல் தொடங்கின. இன்று ஆசிரியருக்கு மிக நெருக்கமாக இருப்பது மாணவர் கற்றல் தளம். ஆசிரியர் அறையில் இதை எல்லாரும் எஸ்எல்எஸ் என்றே சொல்கிறோம். 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்த இந்தத் தளத்தில் பாடம் அமைக்கலாம், பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்யச் சொல்லலாம், அவர்களின் பதில்களை வகுப்பு முழுவதற்கும் காட்டலாம். 2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியபோது ஆசிரியரும் பிள்ளைகளும் பெரிதும் நம்பியது இதைத்தான்.

உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் 2021க்குள் சொந்தக் கற்றல் சாதனம் கிடைத்துவிட்டது. தொடக்கப்பள்ளியில் நிலைமை வேறு. பொதுவாக இங்கே இருப்பவை பகிர்ந்து பயன்படுத்தும் கைக்கணினிகளும் மடிக்கணினிகளும்தான். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். மூவருக்கு ஒரு சாதனம் என்றால் மூவரும் பேசித்தான் ஆகவேண்டும். ஒருவர் சாதனத்தை இயக்குபவர், ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் குறிப்பெடுப்பவர் என்று வேலையைப் பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஆளுக்கொரு திரை கொடுத்த வகுப்பைவிட இந்த வகுப்பில் தமிழ் அதிகமாகக் கேட்கும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் பாடத்தின் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள். “பிள்ளைகள் ஒரு செயலை வரிசைப்படுத்திச் சொல்வார்கள்” என்பது நோக்கம். “பேட்லெட் பயன்படுத்துதல்” என்பது நோக்கம் ஆகாது.

அடுத்து, பிள்ளையின் உழைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். கஹூட் போன்ற விரைவு வினாடி வினாவில் பிள்ளை நான்கு வண்ணங்களில் ஒன்றைத் தொடுகிறது. சொற்பொருளை நினைவுபடுத்த ஐந்து நிமிடத்துக்கு அது நல்ல பயிற்சி. ஆனால், அரைமணி நேரம் தொட்டுக்கொண்டே இருந்த பிள்ளை ஒரு வாக்கியம்கூடச் சொல்லியிருக்காது. அதே கேள்வியைக் கேட்டு, “ஏன் இந்த விடை? பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்” என்று நிறுத்திவிட்டால் அதே கருவி பேச்சுப் பயிற்சியாகிவிடும்.

கடைசியாக, கருவி நாளை இருக்குமா என்று யோசியுங்கள். அடோபி ஃபிளாஷ் ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தபோது, அதை நம்பிச் செய்த மொழி விளையாட்டுகள் பல ஒரே நாளில் திறக்காமல் போயின. பிள்ளைகள் காணொளியில் பேசிப் பதில் அனுப்ப உதவிய ஃபிளிப் தளமும் 2024இல் தனித்தளமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆகவே, பிள்ளைகளின் சிறந்த பதிவுகளையும் உங்கள் பயிற்சித்தாள்களையும் பள்ளியின் சேமிப்பகத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த பயிற்சித்தாள்கள் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றாதவற்றை இணையத்தில் ஏற்றினால் பிள்ளையின் திரையில் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகள்தான் தெரியும்.

மாதிரிப் பாடம்: தேக்கா ஒலி உலா (தொடக்கநிலை 5)

நோக்கம்: பெரியவர் ஒருவரிடம் மரியாதையாகக் கேள்வி கேட்டு, கிடைத்த செய்தியை ஒரு நிமிடத்தில் தமிழில் சொல்லுதல்.
தேவை: குழுவுக்கு ஒரு கைக்கணினி, ஒலிப்பதிவு வசதி, இணைய வரைபடம்.

முதல் பாடவேளை, வகுப்பறையில். கூகல் வரைபடத்தின் தெருக்காட்சியைப் பெரிய திரையில் திறந்து, லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து பஃபலோ சாலை வழியாக நடங்கள். வலப்பக்கம் என்ன, இடப்பக்கம் என்ன என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். தேக்கா நிலையம், கெர்பாவ் சாலையில் பலவண்ணம் பூசிய டான் டெங் நியா வீடு, சிராங்கூன் சாலையைக் கடந்தால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், சற்றுத் தள்ளி ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் என ஐந்தாறு நிறுத்தங்கள் போதும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆசிரியர் ஒரு செய்தியை மட்டும் தாருங்கள். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாட்டு வணிகம் நடந்தது. தெருப்பெயர்களில் அதன் சுவடு இன்னும் இருக்கிறது. டான் டெங் நியா வீடு 1900இல் கட்டப்பட்டது. அங்கே வாழ்ந்தவர் மிட்டாய்த் தொழில் நடத்திய சீன வணிகர். மரபுடைமை நிலையம் 2015 மே மாதத்தில் திறக்கப்பட்டது. மிச்சத்தைப் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இதே வேளையில் கேள்விகளைத் தயாரிக்க வேண்டும். “இந்தப் பூ என்ன விலை?” என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். “மாலை எப்படிக் கட்டுறீங்கன்னு எங்களுக்குச் சொல்வீங்களா?” என்று கேட்டால் கதை வரும். இரண்டையும் கரும்பலகையில் எழுதி, வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி செய்யுங்கள். தொடக்க வாக்கியத்தை எல்லாரும் வாய்விட்டுப் பயிற்சி செய்யட்டும்: “அங்கிள், வணக்கம். நாங்க தொடக்கநிலை அஞ்சு மாணவர்கள். உங்ககிட்ட ரெண்டு கேள்வி கேட்கலாமா? நீங்க பேசுறதைப் பதிவு செய்யலாமா?” பேச்சுத்தமிழில் கேட்பதுதான் இங்கே முறை. தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு 2005இல் வெளியிட்ட அறிக்கையே வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரச் சொன்னது. பூக்கடைக்காரரிடம் எழுத்துத்தமிழில் கேட்கும் பிள்ளை அடுத்த கேள்வி கேட்கத் தயங்கும்.

கற்றல் பயண நாள். வார நாளின் காலை நேரமே நல்லது. ஈரச்சந்தையில் கூட்டம் மிகுந்த நேரத்தில் கடைக்காரருக்கு நின்று பேச முடியாது. பதிவிலும் இரைச்சல் கூடும். முன்னதாகவே நீங்கள் ஒருமுறை போய், பேச விருப்பமுள்ள கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். பதிவு செய்யும்போது சாதனத்தைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழம் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். குழுவுக்கு மூன்று நிமிடத்துக்குமேல் பதிவு வேண்டாம். அதிகமானால் அதைக் கேட்டுச் சுருக்குவதிலேயே அடுத்த பாடவேளை போய்விடும்.

இரண்டாம் பாடவேளை, மீண்டும் வகுப்பில். குழுவினர் தங்கள் பதிவைக் கேட்டு, தெரிந்துகொண்டதை நான்கு வாக்கியமாகச் சொந்தச் சொற்களில் எழுதுவார்கள். பிறகு அதைப் பார்க்காமல் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்வார்கள். கடைக்காரரின் குரல் வெளியே போக வேண்டியதில்லை. பிள்ளைகளின் குரல் மட்டும் போதும். பேட்லெட்டின் வரைபட வடிவத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறி வைத்து, அதில் அந்தக் குழுவின் ஒலிப்பதிவை இணைத்துவிடலாம்.

மூன்றாம் பாடவேளைதான் இந்தப் பாடத்தின் உயிர். வரைபடத்தின் இணைப்பை விரைவுக்குறியீடாக மாற்றித் தாளில் அச்சிட்டு, தமிழ் அறையின் சுவரில் ஒட்டுங்கள். தொடக்கநிலை 3 பிள்ளைகள் வந்து கேட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேள்வியைப் பதிவு செய்துவிட்டுப் போகட்டும். தம்பி தங்கைகள் கேட்ட கேள்விக்கு அண்ணன் அக்காக்கள் பதில் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணுக்காகப் பேசும் பிள்ளை ஆசிரியருக்குப் போதுமான அளவோடு நிறுத்திக்கொள்ளும். கேட்டவருக்குப் புரிய வேண்டும் என்று பேசும் பிள்ளை திரும்பப் பதிவு செய்யும், சொல்லைத் தேடும், பாட்டியிடம் போய்க் கேட்கும்.

பதிவுக்குப் பதில் சொல்லும் கலை

குரல் பதிவு வாங்குவது எளிது. அதற்குப் பதில் சொல்வதில்தான் பலரும் களைத்துப்போகிறோம். எல்லாப் பிழையையும் திருத்த முயல வேண்டாம். நல்லது ஒன்று, திருத்தம் ஒன்று, கேள்வி ஒன்று என்று 20 விநாடியில் உங்கள் குரலிலேயே பதில் அனுப்புங்கள்.

பிள்ளை இப்படிப் பேசியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “அந்த அங்கிள் காலையில சீக்கிரமா கடை தொறப்பாரு. பளம், பூ எல்லாம் அடுக்கி வைப்பாரு. அப்புறம் மாலை கட்டுவாரு.”

உங்கள் பதில்: “கண்ணா, காலையிலேர்ந்து நடக்கிறதை வரிசையா சொன்னே, நல்லா இருந்துச்சு. ‘பழம்’னு சொல்றப்ப நாக்கு நுனியை மேலே மடிச்சு, அண்ணத்துல ஒட்டாம சொல்லிப் பாரு: பழம், வாழை, மழை. ஆமா, அவர் கட்டுற மாலையில என்னென்ன பூ இருந்துச்சு?”

அந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். அது இருந்தால் பிள்ளை மறுபடி பேசும். வகுப்பில் 20 பேர் இருந்தால் வாரத்துக்கு ஐந்து பேருக்கு இப்படிப் பதில் சொல்லுங்கள்; நான்கு வாரத்தில் எல்லாரையும் எட்டிவிடலாம். மற்றவர்களின் பதிவுகளுக்குச் சக மாணவர் ஒருவர் ஒரு பாராட்டும் ஒரு கேள்வியும் தரட்டும்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் காணொளியைப் பார்த்து உரையாட வேண்டியிருப்பதால் இந்தப் பயிற்சி அங்கேயும் கைகொடுக்கும். ஒரு நிமிடக் காணொளியை ஒலி இல்லாமல் ஓடவிட்டு, நடப்பதைத் தமிழில் வருணிக்கச் சொல்வது எளிய தொடக்கம். காணொளி முடிந்ததும், “உனக்கு இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்று கேளுங்கள்.

தட்டச்சு: எப்போது, எந்த விசைப்பலகை?

தொடக்கநிலை 1, 2இல் கையெழுத்து மட்டும் போதும். எழுத்தின் வடிவம் கையில் பதிய வேண்டிய வயது அது. தொடக்கநிலை 4இல் வாரத்துக்குப் பத்து நிமிடம் தட்டச்சைத் தொடங்கலாம்.

ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழ் வரவழைக்கும் அஞ்சல் முறை உடனே கைவரும். ஆனால், அதில் பிள்ளை ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுகிறது. நான் பரிந்துரைப்பது 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99. விண்டோஸ், மேக், ஐபேட் எல்லாவற்றிலும் அது கிடைக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வரிசைகள் வலக்கைப் பக்கம். ‘கொ’ என்று கையால் எழுதும் பிள்ளை ஒற்றைக்கொம்பை முதலில் போடுகிறது. தமிழ்99இல் ‘க’வை அழுத்தி ‘ஒ’வை அழுத்துகிறது. க் என்னும் மெய்யோடு ஒ என்னும் உயிர் சேர்ந்தால் கொ என்று நாம் வகுப்பில் சொல்லும் இலக்கணம் விரலில் நடக்கிறது. புள்ளியும் பல இடங்களில் தானாக விழும்: அ, க, க, ஆ என்று அழுத்தினால் ‘அக்கா’, ப, ந, த, உ என்று அழுத்தினால் ‘பந்து’. வகுப்பில் முதல் நாள் இந்த இரண்டு சொற்களையும் செய்துகாட்டுங்கள். பிள்ளைகள் அடுத்த சொல்லைத் தாங்களே கேட்பார்கள்.

வாசிக்க நல்ல இடங்கள்

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வருவதால் அச்சிடலாம், மாற்றி எழுதலாம். கதையின் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இடத்தை ஈசூனுக்கோ தோ பாயோவுக்கோ மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஊர் மாறினால் சாப்பாடு மாறும், பேருந்து மாறும், பேச்சும் மாறும். பிள்ளையின் சொந்தச் சொற்கள் வெளியே வரும்.

தமிழ் முரசின் மாணவர் பக்கங்களும் மீடியாகார்ப்பின் ‘செய்தி’ தளமும் நம் ஊர்ச் செய்தியை நம் ஊர்த் தமிழில் தருகின்றன. ஒரு செய்தியின் தலைப்பையும் படத்தையும் மட்டும் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு செய்தியைத் திறப்பது பத்து நிமிடத்தில் முடியும் நல்ல பயிற்சி.

தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்கு அழைத்துப்போங்கள். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை அங்கே புரட்டலாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்து இதழ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விளம்பரங்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்: என்ன விற்றார்கள், கடை எந்தத் தெருவில் இருந்தது, இன்று அங்கே என்ன இருக்கிறது? எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா வடிவங்களைக் கண்டதும் பிள்ளைகள் புதிர் அவிழ்ப்பதுபோல் இறங்கிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்புக் கருவிகளைக் கையாளுதல்

பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக் கருவியில் போட்டுத் தமிழாக்கி ஒட்டுவார்கள். தடை போட்டுப் பயனில்லை. கருவி தந்த பத்தியை வகுப்பின் முன் வைத்து, “இதை உன் தாத்தாவிடம் இப்படியே சொல்வாயா?” என்று கேளுங்கள். பெரியவரை ‘நீ’ என்று அழைத்திருக்கிறதா, வாக்கியம் வாயில் வருகிறதா என்று பிள்ளைகளே திருத்தட்டும். ஒப்படைக்கும் எழுத்துவேலை எதுவானாலும், எழுதியதைத் தாளைப் பார்க்காமல் ஒரு நிமிடம் பேசிக் காட்ட வேண்டும் என்பதை வகுப்பு விதியாக வைத்துவிடுங்கள். ஒட்டியவருக்கும் எழுதியவருக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிந்துவிடும்.

பாதுகாப்பும் அளவும்

பிள்ளையின் முகம், முழுப்பெயர், வீட்டு முகவரி, பள்ளிச் சீருடையில் தெரியும் பெயர்ப்பட்டை எதுவும் பொதுத்தளத்தில் வரக்கூடாது. குரலும் படமும் கைகளும் போதும். பகிரும் பக்கங்களுக்குக் கடவுச்சொல் போடுங்கள். வெளித்தளம் எதையும் பயன்படுத்துமுன் பள்ளியின் விதிமுறையைப் பார்த்து, பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிவேலை தவிர்த்த திரைநேரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2025இல் வந்த சுகாதார அமைச்சின் வழிகாட்டி சொல்கிறது. பள்ளிவேலைக்கு விலக்கு உண்டு என்பதற்காக நாம் அளவில்லாமல் போகக்கூடாது. 30 நிமிடப் பாடவேளையில் திரைக்குப் பத்து நிமிடம், பேச்சுக்கும் எழுத்துக்கும் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணையம் வராத நாளுக்கும் தயாராக இருங்கள். தெருக்காட்சிப் படங்கள் நான்கைந்தை அச்சிட்டு உறையில் போட்டு வைத்திருந்தால் அதே உலாவை மேசைமேல் நடத்தலாம். திரை இல்லாமலும் நடத்த முடிகிற பாடம்தான் நன்றாகத் திட்டமிட்ட பாடம்.

பாடத்துக்கு முன் ஒரு சரிபார்ப்பு

1. நோக்கத்தை ஒரு வரியில், கருவியின் பெயர் இல்லாமல் எழுதிவிட்டேனா?
2. ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது இரண்டு நிமிடமாவது தமிழ் பேச வழி இருக்கிறதா?
3. பிள்ளை பேசுவதை என்னைத் தவிர இன்னொருவர் கேட்கப்போகிறாரா?
4. பதிலுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு பிள்ளைக்கு உண்டா?
5. பெற்றோர் ஒப்புதல், கடவுச்சொல், சேமிப்புப் படி மூன்றும் தயாரா?
6. இணையம் நின்றுவிட்டால் என்ன செய்வேன்?

ஆறுக்கும் பதில் இருந்தால் வகுப்புக்குப் போங்கள். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் அந்தக் கருவியை அன்றைக்கு மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பேசுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்துபார்க்க வேண்டாம். இந்தப் பருவத்தில் குரல் பதிவும் அதற்கு உங்கள் 20 விநாடிப் பதிலும் மட்டும் போதும். அது வழக்கமானபின் வரைபடம், அதன்பின் தட்டச்சு என்று போகலாம். நீங்கள் செய்த பாடத்தைப் பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியருக்கும் கொடுங்கள். அவர் செய்ததை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்திலோ, ஆசிரியர் கூடும் வேறு எந்த இடத்திலோ சந்திக்கும்போது, எந்தக் கருவி புதிதாக வந்திருக்கிறது என்று கேட்பதற்கு முன், “உங்கள் பிள்ளைகள் இப்போது எவ்வளவு நேரம் தமிழில் பேசுகிறார்கள்?” என்று கேளுங்கள்.